உப்புப் போட்ட ஞாபகம்

உப்புப் போட்டோமா இல்லையா என்பது இருசாயிக்கு ஞாபகம் வரவில்லை. பள்ளிக்கூடத்துச் சத்துணவு அண்டாவில் சாம்பார் கொதித்துக்கொண்டிருந்தது. கத்திரிக்காயும் பூசணித் துண்டும் மேலே வந்து வந்து முங்கின. பெருங்காயம் போட்டது ஞாபகம் இருக்கிறது, புளி கரைத்து ஊற்றியது ஞாபகம் இருக்கிறது, பிழிந்த சக்கையைச் சன்னல் வழியாக எறிந்ததும் அதை ஒரு கோழி ஓடிவந்து கொத்திப் பார்த்து ஏமாந்துபோனதும்கூட ஞாபகம் இருக்கிறது. அதற்குப் பிறகுதான் உப்பு அள்ளும் கொட்டாங்குச்சியைக் கையில் எடுத்தாள். எடுத்த நேரம் பார்த்து ஊராட்சித் தலைவர் தனபால் சன்னலுக்கு வெளியே வந்து நின்று, "இருசாயி, ஆபீசர் பன்னெண்டரைக்கு வர்றாராம். மொகத்தக் கழுவிக்கிட்டு ஒழுங்கா நில்லு. அழுது கிழுது வெக்காத" என்றான். அவள் மகளைவிட நாலு வயது மூத்தவனாக இருந்தால் அதிகம். இவள் "சரிங்க" என்றாள். அந்தச் சரிங்கவுக்கு முன்னால் உப்பு அண்டாவுக்குள் போனதா, இல்லை அதற்குப் பின்னால் உப்பு வாளிக்கே திரும்பிப் போனதா, அதுதான் தெரியவில்லை. கொட்டாங்குச்சி வாளி மூடியின்மேல் கவிழ்ந்து கிடந்தது. போட்டிருந்தால் கவிழ்த்து வைப்பாள், சரிதான். ஆனால் ஆத்திரத்தில் வைத்தாலும் கவிழ்ந்துதானே கிடக்கும். வாளியைத் திறந்து பார்த்தாள். கல் உப்பு எப்போதும் போலப் பாதிக்குமேல் கிடந்தது. நாற்பத்தேழு பிள்ளைகளுக்கு ஒரு கொட்டாங்குச்சி தலை தட்டி எடுத்தால் அந்த வாளியில் ஒரு பள்ளமும் தெரியாது. அவன் அழாதே என்று சொன்னது எதற்கு? அழும்படியாக என்ன நடக்கப்போகிறது என்று அவனுக்கு முன்னாலேயே தெரியுமா? உப்பை நினைக்கப்போனால் தனபாலின் மூஞ்சிதான் வந்து நின்றது.

ஒரு சொட்டு உள்ளங்கையில் விட்டு நக்கிப் பார்த்தால் தீர்ந்தது. ஊரில் உள்ள எந்தச் சமையல்காரிக்கும் அது ஒரு விநாடி வேலை. இருசாயியால்தான் முடியாது. இன்றோடு ஏழு நாளாகிறது, பச்சைத் தண்ணீரும் சர்க்கரை போடாத கடுங்காப்பியும் தவிர அவள் வாயில் ஒன்றும் வைக்கவில்லை. போன வெள்ளிக்கிழமை எல்லாரும் போன பிறகு, கழுவிக் கவிழ்த்த சோற்று அண்டாவுக்கு முன்னால் உட்கார்ந்து, ஊர்த்தெருப் பிள்ளைகள் என் கைச்சோற்றைச் சாப்பிடுகிற வரைக்கும் எனக்கும் சோறு வேண்டாம் என்று சொல்லிக்கொண்டாள். சாமி படம் ஒன்றும் இல்லை, சாட்சிக்கு ஆளும் இல்லை. முதல் இரண்டு நாள் தலைவலி. மூன்றாம் நாள் வடித்த கஞ்சியின் வாசத்துக்கே கண்ணில் தண்ணீர் வந்தது. பிறகு பசி எங்கோ போய் ஒளிந்துகொண்டு காதுக்குள் ஒரு ரீங்காரம் மட்டும் மிஞ்சியது. பள்ளிக்கூடம் இருந்த நாலு நாளும் கை அளவிலேயே ஆக்கினாள். காலனிப் பிள்ளைகள் ஒன்பது பேர் சாப்பிட்டார்கள், ஒருத்தரும் குறை சொல்லவில்லை. முப்பது வருஷம் உலை வைத்த கை, அதற்கு நாக்கு தேவையில்லை. இன்றைக்குத்தான் கையும் மறந்துவிட்டது, அதுவும் பார்த்துப் பார்த்து இன்றைக்கு. நாக்கில் தொட்டுப் பார்த்துத் துப்பிவிட்டால்? துப்பினால் அது சாப்பிட்டதாகுமா? அப்பாவாக இருந்தால் ஆகும் என்பார். உண்ணாவிரதம் இருக்கிறபோது பல் தேய்த்துக் கொப்பளித்த தண்ணீரில்கூட ஒரு மடக்கு உள்ளே இறங்கவிடாதவர். "வவுறு ஏமாறும், மனசு ஏமாறாது புள்ள" என்பார். மனசை அவர் எத்தனை தடவை ஏமாற்றினார் என்பது அவளுக்குத்தான் தெரியும்.

அப்பா பெயர் சடையன். சுற்று வட்டாரத்தில் சத்தியாகிரகச் சடையன் என்றால் தெரியும். ஒருத்தரையும் கை நீட்டி அடிக்காத மனுஷன் என்று மேடையில் சொல்வார்கள். அம்மாவை அடித்தது கணக்கில் வராது போலிருக்கிறது. அடித்த மறுநாள் பாவம் தீர ஒரு வேளை பட்டினி கிடப்பார்; புருஷன் சாப்பிடாமல் தான் சாப்பிடக் கூடாது என்று அம்மாவும் கிடப்பாள். ஆக அடியும் அவளுக்கு, பட்டினியும் அவளுக்கு, புண்ணியம் மட்டும் இவருக்கு. ஆனால் டீக்கடை முன்னால் அவர் பதினோரு நாள் உட்கார்ந்தது நிஜம். அப்போது இருசாயிக்கு எட்டு வயது. கடையில் ஊர்க்காரர்களுக்குக் கண்ணாடி கிளாஸ், காலனிக்காரர்களுக்குக் கூரையில் செருகிவைத்த கொட்டாங்குச்சி. அப்பா விடியற்காலையில் போய்க் கடைக்கு எதிரே மண்ணில் உட்காருவார். கடைக்காரன் ஏறிட்டுப் பார்க்கும்போதெல்லாம், "அய்யா, ஒரு டீ. கிளாஸ்ல" என்பார். அவ்வளவுதான் போராட்டம். முதல் நாள் சிரித்தார்கள். மூன்றாம் நாள் பாத்திரம் கழுவிய தண்ணீரை மேலே ஊற்றினார்கள். துடைத்துக்கொண்டு மறுபடியும், "அய்யா, ஒரு டீ. கிளாஸ்ல." பதினோராம் நாள் டவுனிலிருந்து ஓர் அதிகாரி ஜீப்பில் வந்தார். கடைக்காரன் கிளாஸில் டீ ஆற்றிக் கொடுத்தான். அப்பா கண்ணை மூடிக்கொண்டு குடித்தார். தொண்டை மேலும் கீழும் போனதைப் பக்கத்தில் நின்று பார்த்தாள். அதிகாரி கை தட்டினார். கூட வந்தவர்களும் தட்டினார்கள். ஜீப் திரும்பிப் போய்ப் புழுதி அடங்கியதும் கடைக்காரன் அந்தக் கிளாஸை இரண்டு விரலால் பிடித்துத் தூக்கிக்கொண்டு வந்து, அப்பாவின் காலடியில் கிடந்த கல்லில் ஓங்கி அடித்தான். ஒரு சில்லு இவள் பாவாடையில் வந்து விழுந்தது. அப்பா இவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வேகமாக நடந்தார். "ஏம்பா ஒடச்சான்?" என்று கேட்டதற்கு, "கை தவறிப்போச்சு புள்ள" என்றார். உண்மையைத் தவிர வேறு பேசாதவர் என்றும் மேடையில் சொல்வார்கள். சாகிற வரைக்கும் கூட்டம் கூட்டமாக அந்தக் கதையைச் சொன்னார், எப்போதும் கை தட்டலோடு நிறுத்திக்கொள்வார். "குடுத்தானா இல்லியா? ஒரு கல்ல எடுத்தனா? ஒரு கெட்ட வார்த்த பேசுனனா? குடுத்தானா இல்லியா?" கொடுத்தான்தான். இருசாயி பாவாடைச் சில்லை ரொம்ப நாள் ஒரு தீப்பெட்டியில் வைத்திருந்தாள்.

அப்பா உயிரோடு இருந்தால் ஒரு கேள்வி கேட்கலாம். கையை ஓங்காமல், கெட்ட வார்த்தை பேசாமல், ஒன்றைச் செய்யாமல் இருந்தே அடுத்தவனைப் பணியவைப்பதுதானே நீ சொன்ன வித்தை? அதை இந்த ஊர்த்தெரு உன்னைவிட நன்றாகப் படித்திருக்கிறது, தெரியுமா? மூன்று மாதத்துக்கு முன்னால், பதினெட்டு வருஷம் வேறு ஊர்ப் பள்ளிக்கூடத்தில் பாத்திரம் கழுவியவள், சமையலராகப் பதவி உயர்வு வாங்கிக்கொண்டு சொந்த ஊருக்கே வந்தாள். கழுவுகிறவரைக்கும் யாருக்கும் தீட்டில்லை. ஆக்க வந்ததும் முப்பத்தெட்டுப் பிள்ளைகளுக்குப் பசி நின்றுபோனது. யாரும் அவளைத் திட்டவில்லை. கல் எறியவில்லை. மறுநாளிலிருந்து பிள்ளைகள் வீட்டிலிருந்து தூக்குவாளி கொண்டுவந்தார்கள், அவ்வளவுதான். அதட்டியிருந்தால் போலீசில் எழுதிக் கொடுக்கலாம், அடித்திருந்தால் காயத்தைக் காட்டலாம். சாப்பிடாமல் இருப்பதற்கு எந்தச் சட்டத்தில் வழக்குப் போடுவது? ஆபீசர் போன வாரம் சமாதானக் கூட்டம் போட்டார். பெற்றவர்கள் கையைக் கட்டிக்கொண்டு வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள், அவ்வளவு அடக்கம். "உங்களுக்கு இந்தம்மா மேல ஏதும் குறையா?" என்று கேட்டார். "அய்யோ, அதெல்லாம் ஒண்ணுமில்லிங்க. தங்கமான பொம்பள" என்றார் ஒரு பெரியவர். "பின்ன ஏன் புள்ளைங்க சாப்பிடல?" "பசிக்கலிங்களாம்." முப்பத்தெட்டு வயிற்றுக்கும் ஒரே நேரத்தில் பசிக்கவில்லை. முட்டை போடுகிற நாளில் மட்டும் பசிக்கும். அவித்த முட்டைக்கு ஓடு இருக்கிறதாம், தீட்டு உள்ளே போகாதாம். வரிசையில் வந்து கூடையிலிருந்து தாங்களே எடுத்துக்கொண்டு வீட்டுக்கு ஓடும், உரிப்பது அங்கே. கூட்டம் முடிந்ததும் ஆபீசர் இவளைத் தனியே கூப்பிட்டு, "அடுத்த வெள்ளிக்கெழம நானே வந்து பாக்கறேன். அப்பவும் சாப்பிடலன்னா உன்ன வேற எங்கியாச்சும் மாத்தி வுட்டுர்றேம்மா. ஒம் பாதுகாப்புக்குத்தான்" என்றார். வேறு எங்கே? நாற்பது கிலோமீட்டர் தாண்டி, மலையடிவாரத்தில் ஒரு பள்ளிக்கூடம். விடியுமுன் பஸ் ஏற வேண்டும். அதுகூடப் பரவாயில்லை. இவள் போன பிறகு வரப்போகும் ஊர்த்தெருக்காரியின் சோற்றைக் காலனியின் ஒன்பது பிள்ளைகளும் வாய் திறக்காமல் தின்று, இந்த உலகம் இப்படித்தான் என்று கற்றுக்கொள்ளும்.

அன்றைக்குத்தான் அந்தச் சபதம். யாரிடமும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நாடகம் போடுகிறாள், சாகப்போகிறேன் என்று மிரட்டுகிறாள் என்று வேறு எழுதுவார்கள். அப்பா இதைக் கேட்டால் தலையில் அடித்துக்கொள்வார். ஊருக்குத் தெரியாத உண்ணாவிரதத்துக்குப் பெயர் பட்டினி, வேறொன்றும் இல்லை. அதுவும் அவளுக்குத் தெரியும். ஒருத்தர் பட்டினி கிடப்பது யாரை உறுத்தும்? அந்த ஆள் செத்தால் நமக்கென்ன ஆகுமோ என்று பதறுகிறவர்களைத்தான் உறுத்தும். பெரிய மனுஷன் கிடந்தால் நாடு பதறும். அப்பா கிடந்தால் அம்மா பதறினாள். இருசாயி கிடந்தால் பதற யார் இருக்கிறார்கள்? புருஷன் பாலக்காட்டில் செங்கல் சூளையில். மகள் கட்டிக்கொடுத்த இடத்தில். பிறகு எதற்கு இந்தப் பட்டினி என்று கேட்டால், அவளுக்கே சரியாகச் சொல்லத் தெரியாது. சாப்பிடாமல் இருப்பது எப்படி இருக்கும் என்று அந்தப் பிள்ளைகளோடு சேர்ந்து பார்க்க நினைத்தாளோ என்னவோ. வீட்டுத் தூக்குவாளியைத் திறந்து ஆறிப்போன சோற்றைத் தின்கிறபோது அதுகளின் கண் சமையல்கூடத்துப் பக்கம்தான் இருக்கும். கடுகு தாளிக்கிற வாசத்துக்கு மேலத்தெரு கீழத்தெரு தெரியாது. உப்பு. உப்பை விட்டு எங்கேயோ போய்விட்டாள். இன்னொரு அரைக் கொட்டாங்குச்சி போட்டுவிடலாமா? ஏற்கெனவே போட்டிருந்தால் வாயில் வைக்க முடியாது, உப்புக் கரித்து அண்டாவோடு போகும். போடாமல் விட்டால் சப்பென்று போகும். கரிப்புக்குச் சப்பு மேல். இல்லை, சப்புக்குக் கரிப்பு மேலா? கை கொட்டாங்குச்சி வரைக்கும் போய்த் திரும்பியது.

தலைமை ஆசிரியை வசந்தகோகிலம் வாசலில் வந்து நின்று எட்டிப் பார்த்தார். நல்ல மாதிரிதான், இந்த மூன்று மாதமும் முகம் சுளித்ததில்லை, ஒரு வார்த்தை ஆதரவாகப் பேசியதும் இல்லை. "என்ன இருசாயி, மூஞ்சி இப்படி வெளுத்துக் கெடக்கு? காலைல ஏதாச்சும் சாப்பிட்டியா?" என்றார். "பசிக்கலிங்க டீச்சர்" என்றாள். சொன்ன பிறகுதான் அது யாருடைய பேச்சு என்று உறைத்தது. வெட்கமாக இருந்தது, சிரிப்பும் வந்தது. சட்டென்று, "டீச்சர், ஒரு சொட்டு கையில ஊத்தறன், உப்புப் பாத்துச் சொல்றீங்களா?" என்று கேட்டுவிட்டாள். டீச்சர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார். "எனக்கு இன்னிக்கு விரதம் இருசாயி. வெள்ளிக்கிழமை பாரு. பல்லுல தண்ணி படக் கூடாது" என்று சொல்லிவிட்டு, மணி அடிக்கச் சொல்கிற சாக்கில் நடந்தார். போன செவ்வாய் என்ன விரதம், அதற்கு முந்தின புதன் என்ன விரதம் என்று இருசாயி கேட்கவில்லை. இந்தச் சாம்பாருக்கு முன்னால் வந்து நின்றால் ஊரே விரதக்காரர்களாகிவிடுகிறது. விறகை வெளியே இழுத்துத் தண்ணீர் தெளித்தாள். புகை கிளம்பிக் கண்ணில் அப்பியது. தனபால் சொன்னது நினைவு வந்து அவசரமாகத் துடைத்துக்கொண்டாள். உப்புப் போட்டேன் என்று உள்ளே ஒரு குரல் சொன்னது. போடவில்லை என்று அதே குரல் சொன்னது. மணி அடித்தது.

ஆபீசர் வந்த ஜீப் புங்கமரத்து நிழலில் நின்றது. பிள்ளைகள் தட்டோடு வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள், நாற்பத்தேழு பேரும். தனபால் தன் சொந்த மகளையே முதல் ஆளாக உட்காரவைத்திருந்தான். மூன்றாம் வகுப்புப் படிக்கிற சுகன்யா, இரட்டைச் சடை, மடியில் கையை இறுக்கிக் கட்டிக்கொண்டு. "எம் புள்ளையே சாப்பிடுது பாருங்க சார். நம்ம ஊர்ல அந்த வித்தியாசமெல்லாம் கெடையாது" என்றான். இருசாயி சோற்றை வைத்துக்கொண்டே போனாள். ஏழு நாள் பட்டினியில் சோற்று வாளி இரும்பாகக் கனத்தது. ஆனால் ஒவ்வொரு தட்டும் அவளுக்கு முன்னால் நீண்டது, ஒன்றும் பின்வாங்கவில்லை, அவள் ஊற்றிய சாம்பார் ஊர்த்தெருத் தட்டுகளில் ஓடிப் பரவியது. அப்பா, பார்த்தாயா என்று ஒரு நொடி நினைத்தாள். நினைத்ததற்காக உடனே தன்மேலேயே கோபம் வந்தது. சுகன்யா ஒரு கவளம் எடுத்து வாயில் வைத்தது. மென்றது. விழுங்கியது. தனபாலைப் பார்த்தது. "உப்பு இல்ல" என்றது. எதிர் வரிசையில் ஒரு பையன், "உப்பே இல்ல சார்" என்றான். அப்புறம் அது வரிசை வரிசையாக ஓடியது, வாய்ப்பாடு ஒப்பிக்கிற ராகத்தில். சிலர் வாயில் வைத்தார்கள், சிலர் வைக்காமலேயே சொன்னார்கள். இருசாயிக்கு அதெல்லாம் கண்ணில் படவில்லை. போடவில்லை, ஆக, போடவில்லை. ஓடிப்போய் உப்பு வாளியை எடுத்துவந்து, "இந்தா சாமி, இந்தா கண்ணு, பெசஞ்சு சாப்புடு" என்று சுகன்யாவின் தட்டோரத்தில் நாலு கல் வைத்தாள். அவசரத்தில் ஐந்தாறாக விழுந்தது.

ஆபீசர் நாற்காலியில் சாய்ந்தார். அவர் முகத்தில் ஒரு வாரமாக இருந்த இறுக்கம் தளர்ந்ததை எல்லாரும் பார்த்தார்கள். "இப்பத்தான விஷயம் வெளங்குது. நான் என்னென்னமோ கேள்விப்பட்டேன்" என்றார். "அதத்தான் சார் நாங்களும் வாய்விட்டுச் சொல்ல முடியாம இருந்தோம். பொம்பள மனசு நோகுமேன்னு" என்றான் தனபால். "நீங்க ஒரு வாய் பாக்கறீங்களா சார்?" என்று டீச்சர் மெல்லக் கேட்டார். "எனக்கு சுகர் டீச்சர், வெளியில கை நனைக்கிறதில்ல" என்றவர் இவள் பக்கம் திரும்பினார். "ஏம்மா, உப்புப் போட்டியா இல்லியா?" போட்டேன் என்று ஒரு வார்த்தை. வேறு எவளாக இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பாள். "ஞாபகமில்லிங்க சார்" என்றாள் இருசாயி. "ருசி பாக்கலியா?" "பாக்கலிங்க." "ஏன்?" ஏன் என்று சொல்ல வாய் திறந்தாள். ஏழு நாளாகச் சாப்பிடவில்லை என்ற சொல் பல்லுக்குப் பின்னால் வந்து நின்றது. இப்போது சொன்னால் பரிதாபத்துக்குச் சொன்னது போல ஆகிவிடும். "சமைக்கிறவளே வாயில வெக்காத சோத்த புள்ளைங்க எப்படி சார் திங்கும்?" என்றான் தனபால். "காலனிப் புள்ளைங்க சாப்பிடுதே சார்" என்று டீச்சர் இழுத்தார். உண்மைதான், அந்த ஒன்பது பேரும் வழக்கம் போல வழித்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். "அதுங்க எதப் போட்டாலும் திங்கும்" என்றான் தனபால். ஆபீசர் சிரித்துக்கொண்டே, "உப்பில்லாப் பண்டம் குப்பையிலேன்னு சும்மாவா சொன்னாங்க" என்று ஒரு தாளை எடுத்து எழுதினார். உணவில் உப்பு இடத் தவறியதையும் ருசி பார்க்காமல் பரிமாறியதையும் ஒப்புக்கொள்கிறேன். தரக்குறைவு காரணமாக இடமாற்றம். சாதி என்ற எழுத்து அந்தத் தாளில் எங்கும் இல்லை, அவ்வளவு சுத்தமான தாள். இருசாயி ஐந்தாம் வகுப்பு வரைக்கும் படித்தவள், கோணலாகக் கையெழுத்துப் போட்டாள்.

பிள்ளைகள் எழுந்து போயிருந்தார்கள். பெரும்பாலான தட்டுகளின் சோறு குழியில் கொட்டப்பட்டு, காக்கைகள் சண்டை போட்டன. கழுவ வந்த தட்டுகளை அவள் ஒவ்வொன்றாக எடுத்தாள். சுகன்யாவின் தட்டு மேலாகக் கிடந்தது, ஓரத்தில் நீலப் பெயின்டில் பெயர் எழுதியிருக்கும். ஒரு பருக்கை இல்லை. விரலால் வழித்து நக்கியிருந்த கோடுகள் தெரிந்தன. ஓரத்தில் அவள் வைத்த உப்புக்கல் அத்தனையும் வைத்த இடத்திலேயே இருந்தன, ஒன்றுகூட நனையவில்லை. இருசாயி அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். உப்பு இல்லை என்ற பிள்ளை கொடுத்த உப்பைத் தொடாமல் தட்டை ஏன் வழித்தது? முதலில் ஒன்றும் புரியவில்லை. பிறகு புரியாமல் இருக்க முயற்சி செய்தாள். ஊர்த்தெருப் பிள்ளை ஒன்று சாப்பிட்டுவிட்டது. ஒன்று சாப்பிட்டாலும் சாப்பிட்டதுதான், சபதம் முடிந்தது. சாப்பிட்டதா இல்லியா? அது அப்பாவின் குரல், அச்சு அசலாக. போய்ச் சேர்ந்தும் விடமாட்டேன் என்கிறார். ஒரு தட்டில் சோற்றைப் போட்டு, அண்டாவின் அடியில் மிஞ்சிய சாம்பாரை ஊற்றிப் பிசைந்து, ஏழு நாளைக்குப் பிறகு ஒரு கவளத்தை வாயில் வைத்தாள். தாடை வலித்தது. நாக்குக்கு முதலில் எதுவும் தெரியவில்லை. பிறகு புளி தெரிந்தது, காரம் தெரிந்தது, அப்புறம் உப்பு. உப்பு சரியாக இருந்தது. ஒரு கல் கூடவும் இல்லை, ஒரு கல் குறையவும் இல்லை.

கொட்டாங்குச்சியைத் தலை தட்டியதும், உப்பு விழுந்ததும் அண்டா ஒரு கணம் கொதி அடங்கி மறுபடி பொங்கியதும் இப்போது ஞாபகம் வந்தது, தெளிவாக, இனி எதற்கும் ஆகாத தெளிவாக. அந்தப் பிள்ளைகளுக்கு என்ன சொல்ல வேண்டும் என்று வீட்டிலேயே சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். அது பொய்யென்று இங்கே எல்லாருக்கும் தெரியும், காலனியின் ஒன்பது நாக்குக்கும் தெரியும். அதை நம்பியவள் அவள் ஒருத்திதான். கெட்ட வார்த்தை ஒன்று தொண்டை வரைக்கும் வந்தது. தீப்பெட்டிக்குள் இருந்த கண்ணாடிச் சில்லை எங்கே வைத்தோம் என்று யோசித்தாள், அம்மா செத்த வருஷம் கூரை மாற்றும்போது தொலைந்திருக்க வேண்டும். இருந்திருந்தால் மட்டும் என்ன செய்திருப்பாள்? வெளியே ஜீப் கிளம்பும் சத்தம் கேட்டது. கை தட்டுவதோடு கதையை நிறுத்திவிட்டு அதிகாரிகள் ஜீப்பில் ஏறிப் போய்விடுகிறார்கள். அதற்குப் பிறகுதான் கிளாஸ் உடைகிறது. இருசாயி சோற்றுத் தட்டோடு எழுந்தாள். ஓட முடியவில்லை, நடந்தாள். புங்கமரத்தடியில் திரும்பிக்கொண்டிருந்த ஜீப்புக்கு முன்னால் போய், மண்ணில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, தட்டை மடியில் வைத்துக்கொண்டாள். டிரைவர் ஹாரன் அடித்தான். "ஏய், என்னா இது? எந்திரி!" என்று தனபால் ஓடிவந்தான். அவள் அவனைப் பார்க்கவில்லை, கண்ணாடிக்குப் பின்னால் இருந்தவரைப் பார்த்தாள். "உப்பு சரியா இருக்குங்க சார். எறங்கி வந்து ஒரு வாய் பாத்துட்டு அந்தத் தாள எடுத்துக்கிட்டுப் போங்க" என்றாள். குரல் உயரவில்லை, உயர்த்த உடம்பில் தெம்பும் இல்லை. ஆபீசர் இறங்கவில்லை. என்ஜின் சூடு முகத்தில் அடித்தது. வகுப்பறைச் சன்னல்களில் பிள்ளைகளின் தலைகள் ஒன்றன் மேல் ஒன்றாகத் தெரிந்தன. "நான் ஏழு நாளாச் சாப்பிடலிங்க சார்" என்று இப்போது எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னாள், "இப்பச் சாப்பிடறன், பாருங்க." ஹாரன் இன்னொரு தடவை அடித்தது, இந்தத் தடவை நீளமாக. இருசாயி அடுத்த கவளத்தை உருட்டி வாயில் வைத்து, அவசரப்படாமல் மென்றாள். அவளுக்கு ரொம்பப் பசித்தது.